உயிர்வளியும் அளவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தேவதானப்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் தமிழ் கற்பிக்கும் தொழிலுடைய யாம், நுரையீரல் நோயையும் அந்நோயாளருக்குக் கொடுக்கும் வளியையும் பற்றிப் பேசப் புகுந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். யாப்பிலக்கணமோ கோயில் வரலாறோ கேட்கலாமென்று வந்தவர்களுக்கு ஏமாற்றமும் உண்டாகலாம். செயலாளர் அவர்கள் எம்மை இப்பொருளைப் பற்றியே பேசும்படி பணித்தமைக்குக் காரணம் இரண்டுள. 2021-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் நம் அங்கத்தினர் கொடுத்த பொருளைக்கொண்டு வாங்கிய இரண்டு ஆக்ஸிஜன் செறிவூட்டிப் பொறிகள் நம் சங்கத்தில் உள்ளன. அவை வேண்டுவோர் இல்லங்களுக்கு இரவலாகச் சென்று வருகின்றன. இஃது ஒரு காரணம். அப்பொறிகளுள் ஒன்றைக் கையாண்டதில் எம் குடும்பத்திலேயே ஒரு பெரும்பிழை நேர்ந்தது. இது மற்றொன்று. பிழை பொறியினுடையதன்று, எம்முடையது. அதனை மறையாது சொல்லின் மற்றோர் இல்லத்தில் அது நேராதென்னும் நம்பிக்கையினால் இங்கே நிற்கின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிதன் தொழிலை முற்றும் விட்டுவிடுதல் எமக்கு இயலாது. ஆக்ஸிஜன் என்பதை முன்னோர் பிராணவாயு என்றனர். பின்னர் உயிர்வளி என்னும் தமிழ்ச்சொல் வழங்கலாயிற்று. இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் இரண்டிலும் ஓர் இடர் உண்டு. பிராணன் என்றும் உயிர் என்றும் பெயரிட்டு விட்டமையால், அது மிகுதியாகக் கொடுக்குந்தோறும் நலமே பயக்கும் என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊன்றிவிட்டது. உயிரை யாரேனும் அளந்து கொடுப்பரோ என்று கேட்கத் தோன்றுகின்றது. உலக சுகாதார நிறுவனமோ அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே வைத்துள்ளது. மருந்தெனின் அதற்கு அளவுண்டு. குறைந்தாலும் தீது, மிகுந்தாலும் தீது. இவ்வளவே யாம் சொல்ல வந்தது. இதனை எம் தமக்கை தம்பியரும் யாமும் கற்ற விதத்தைக் கூறுகின்றோம்.

எம் பெரியம்மா எழுபதாண்டு கடந்தவர். பீடி, சுருட்டு, புகையிலை ஒன்றும் அறியாதவர். ஆயினும் பதினைந்து வயதில் இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் ஐம்பதாண்டுக் காலம் விறகடுப்பின்முன் அமர்ந்து ஊதுகுழலூதியவர். கூரை தாழ்ந்த அடுக்களையிற் புகை போதற்கு வழியில்லை. மேற்கு மலையின் அடியில் வாழும் நமக்கு விறகு எளிதிற் கிடைத்தது. அவ்வெளிமைக்கு விலை கொடுத்தவர் நம் தாய்மார். பெரியம்மாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் கண்டு, வீட்டில் உயிர்வளி வைத்துக்கொள்ளும்படி கூறினார். நம் சங்கத்துப் பொறி வந்தது. அமர்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 1 லிட்டர், நடமாடும்போது 2 லிட்டர், விரற்கருவியில் 88 முதல் 92 வரை நிற்றல் போதும் என்று மருத்துவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அச்சீட்டு பீரோவுக்குள் நிலப்பத்திரங்களோடு பத்திரமாக இருந்தது. பொறியின் அருகில் இல்லை.

மார்கழித் திங்களில் ஓர் இரவு. மலைக்காற்று இறங்கும் வேளை. எம் தம்பி, பெரியம்மாவின் மகன், தாயின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினான். 84 என்று காட்டிற்று. அவன் அஞ்சிப் பொறியின் குமிழைத் திருகி 5 லிட்டருக்கு ஏற்றினான். சிறிது நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது. 97, 98 ஆயிற்று. அவன் எமக்குத் தொலைபேசியில் அச்செய்தியை மகிழ்ச்சியோடு சொன்னான். யாமும் மகிழ்ந்து, "அப்படியே விட்டுவிடு, அப்பா, ஆத்தா நல்லாத் தூங்கட்டும்" என்றோம். அவ்வாறு சொன்னவர் யாமே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் பெரியம்மாவை எழுப்ப இயலவில்லை. கண் திறப்பார், மீண்டும் மூடுவார். தலை வெடிக்கிறதென்று ஒருமுறை முணுமுணுத்தார். கையைத் தூக்கிப் பிடித்தபோது விரல்கள் கொக்கின் சிறகுபோற் படபடத்தன. விரற்கருவியோ அப்போதும் 98 என்றே காட்டிற்று. எண் நன்றாயிருக்கின்றது, ஆள் நன்றாயில்லை. இதற்குப் பொருள் எமக்கு விளங்கவில்லை. 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்த்தோம். மணிக்கட்டின் நாடியிலிருந்து குருதியெடுத்துச் சோதித்த மருத்துவர், உயிர்வளி தேவைக்கு மேலிருக்கிறது, கரியமிலவாயு வெளியேறாமல் தேங்கிவிட்டது என்றார். முகத்தில் இறுகப் பொருத்தும் மூடியின் வழியே மூச்சுக்குத் துணைசெய்யும் பொறியை வைத்தனர். இரண்டு நாளில் தெளிந்தார்.

அன்று மருத்துவர் எம்மைக் கேட்ட கேள்விகள் இன்றும் எம் காதில் ஒலிக்கின்றன. "84 என்று பார்த்தபோது அம்மா படுத்திருந்தார்களா, நடந்து வந்தார்களா? அப்பொழுது எத்தனை லிட்டரில் இருந்தார்கள்? மூக்கில் குழாய் சரியாக இருந்ததா? கை சில்லென்று இருந்ததா? எத்தனை விநாடி பார்த்தீர்கள்?" ஒன்றுக்கும் எமக்கு விடை தெரியவில்லை. கழிவறைக்குச் சென்று திரும்பிய உடனே, குழாயில்லாது, குளிர்ந்த விரலில் மாட்டியதென்று பின்னர்த் தம்பி நினைவுகூர்ந்தான். அவ்வாறாயின் அந்த 84 என்பது பெரியம்மாவின் இருக்கைநிலை அளவன்று. மெய்யாகவே அவர் குருதியின் அளவுதானோ என்பதும் ஐயமே. ஐயத்துக்குரிய ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மருந்தை ஐந்து மடங்காக்கினோம்.

இனிக் கருவியைப் பற்றிக் கூறுவாம். நம் குருதியிலே உயிர்வளியைச் சுமக்கும் செம்பொருளுக்கு ஈமோகுளோபின் என்று பெயர். அதனை நம் பெரியகுளம் பேருந்தாகக் கருதுங்கள். நூறு இருக்கையுள்ள பேருந்தில் எத்தனை இருக்கைகளில் உயிர்வளி அமர்ந்திருக்கின்றதென்று எண்ணிச் சொல்வதே ஆக்ஸிமீட்டர். உயிர்வளி ஏறிய குருதி செவ்வொளியைப் பெரும்பாலும் கடக்க விடும். ஏறாத குருதி அதனை விழுங்கும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியிடத்து இவ்விரண்டின் செய்கையும் வேறு. கருவி இவ்விரண்டு ஒளிகளையும் விரலினூடே செலுத்தி ஒப்பிடுகின்றது. ஆயின் விரலில் தோலும் எலும்பும் சதையும் உண்டே, அவையும் ஒளியை விழுங்குமே என்னின், அதற்கு விடை கண்டவர் ஜப்பானியப் பொறியாளராகிய தகுவோ அவோயாகி. 1970-களின் தொடக்கத்தில் அவர் நிஹோன் கோடன் என்னும் நிறுவனத்தில் இதயத்தின் குருதியோட்டத்தை அளக்க முயன்றபோது, நாடித்துடிப்பினால் ஒளியில் உண்டாகிய அலைவு அவருக்கு இடையூறாயிருந்தது. இடையூற்றை நீக்க முயன்றவர், துடிக்கும் பகுதி தமனிக் குருதி மட்டுமே ஆதலின், அத்துடிப்பையே அளந்தால் தோலும் சதையும் கணக்கில் வாராவென்று கண்டார். 1974-இல் இக்கருத்து வெளியாயிற்று. அவர் 2020 ஏப்ரலில் மறைந்தார். உலகத்தில் வீடுதோறும் அவர் கருவியைத் தேடிய ஆண்டும் அதுவே.

துடிப்பை நம்பிய கருவியாதலின் துடிப்பு நலிந்தால் அதுவும் தடுமாறும். குளிர்ந்த விரல், நடுங்கும் விரல், கருநிற நகப்பூச்சு, விரலிற் பொருந்தாத தளர்ந்த பிடி ஆகியவை யாவும் எண்ணைக் கெடுக்கும். இவை பெரும்பாலும் குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டுவதும் உண்டு. அஃது இதனினுங் கொடிது. அடுப்புப் புகையிலும் பீடிப் புகையிலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி உளது. அது பேருந்தின் இருக்கையைப் பற்றிக்கொண்டால், விரற்கருவி அதனையும் உயிர்வளியென்றே எண்ணிவிடும். ஆகவே சமைத்த கையோடும் பீடி குடித்த வாயோடும் அளக்கலாகாது. மேலும் ஒன்று. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு கட்டுரை, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் குருதிச் சோதனையில் 88-க்குக் கீழ் இருந்தமை, வெள்ளைத் தோலினரிடம் நூறு அளவைகளில் ஏறத்தாழ 4 என்றும், கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ 12 என்றும் கூறிற்று. வெயிலிலே உழைத்துக் கறுத்த நம் மக்கள் இதனைச் சிறப்பாக நினைவில் வைத்தல் வேண்டும். எண் நன்றாயிருந்தும் மூச்சுத் திணறலும் குழப்பமும் இருந்தால் எண்ணை விட்டு ஆளை நம்புக.

எண்ணின் இயல்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 97-க்கும் 94-க்கும் உள்ள வேற்றுமை வேறு. 90-க்கும் 87-க்கும் உள்ள வேற்றுமை வேறு. 90-க்கு மேலே நிலம் ஏறக்குறையச் சமதளம். அதன்கீழ் நம் காட்ரோட்டு மலைப்பாதையின் இறக்கம் போலச் சரிந்துவிடும். ஆதலின் மேலே இரண்டொரு புள்ளி ஏறி இறங்குதற்கு அஞ்சவேண்டா. கீழே இரண்டு புள்ளிக்கும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

காட்ரோடு என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. நம் உறவினர் பலர் கொடைக்கானலில் இருக்கின்றனர். மணம், சடங்கு என்று நுரையீரல் நோயாளரையும் வண்டியிலேற்றிச் செல்கின்றோம். ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள அவ்வூரில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அடிவாரத்தில் 93 காட்டியவர் மேலே சென்றதும் 88 காட்டலாம். நோய் முற்றியதென்று கொள்ளவேண்டா, நலமென்று விட்டுவிடவும் வேண்டா. இரண்டு மணி நேரப் பயணத்தில் இடம் மாறியது, எண்ணும் மாறியது. எந்த ஊரில் அளந்தது என்பதும் அளவையின் ஒரு பகுதியே. செல்லுமுன் மருத்துவரைக் கேட்டுச் செல்லுதல் நன்று.

முன்னாளில் நம் வட்டாரத்தில் நெல்லளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததை முதியோர் அறிவர். ஓரூர்க்காரர் பத்து மரக்கால் என்பது மற்றோரூரில் ஒன்பதாகும். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் சந்தையிற் சண்டை ஓயவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் நாடெங்கும் ஒன்றான பின்னரே அவ்வழக்கு அடங்கிற்று. நோயாளரின் விரலில் நாம் காணும் எண்ணும் இன்று அந்த மரக்கால் நிலையிலேயே இருக்கின்றது. ஒருவர் படுத்தபடி அளக்கின்றார். ஒருவர் மாடிப்படி ஏறி வந்ததும் அளக்கின்றார். ஒருவர் குழாயோடு, ஒருவர் குழாயின்றி. எல்லாவற்றையும் ஒரே தாளில் 91, 86, 95 என்று எழுதி மருத்துவரிடம் நீட்டினால் அவர் எதனை நம்புவார்?

அளவையை ஒருமுகப்படுத்துதல் பெரிய நகரத்து மருத்துவமனைக்கே இயலும் என்று எண்ணவேண்டா. நம் மாநிலமே இதற்குச் சான்று. 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலான மாவட்டங்களில், காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்ற ஒன்றைத் தமிழக அரசு தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தைச் சார்ந்த தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதில் துணைநின்றது. காசநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் தொடக்கத்திலேயே சில எளிய அளவைகளால் சோதித்தல் அதன் முறை: உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைந்துள்ளதா, நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேலோடுகிறதா, விரற்கருவி 94-க்குக் கீழ்க் காட்டுகிறதா, பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலுகிறதா. இவற்றுள் ஒன்று தவறினாலும் கடுமையான நிலையென ஐயுற்று, விரிவாகச் சோதித்து மருத்துவமனையிற் சேர்க்க வழிசெய்தனர். கவனியுங்கள்: புதுக்கருவி எதுவுமில்லை, விலையுயர்ந்த சோதனை எதுவுமில்லை. சிற்றூர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியும் செய்யத்தக்க அளவைகளே. அனைவரும் ஒரே அளவையை ஒரே முறையிற் செய்தனர் என்பதே அதன் வலிமை. நோயாளர் இருமிக்கொண்டு நடந்து வந்தார், ஆகையால் நலமாயிருக்கிறார் என்று கண்ணாற் பார்த்து முடிவுசெய்யும் பழக்கத்தை அது விலக்கிற்று.

நடந்து பார்க்கும் அளவையும் ஒன்றுண்டு. ஆறு நிமிட நடை என்பது அதன் பெயர். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002-இல் அதற்கு விதி வகுத்தது. 2014-இல் ஐரோப்பியச் சங்கத்தோடு சேர்ந்து அதனை மேலும் திருத்திற்று. 30 மீட்டர் நீளமுள்ள சமதளப் பாதையில் ஆறு நிமிடம் நோயாளர் இயன்ற விரைவில் நடக்க, கடந்த தொலைவையும் இறங்கிய மிகக் குறைந்த எண்ணையும் குறித்துக்கொள்வர். ஊக்குவிக்கச் சொல்லும் சொற்களைக்கூட விதி வகுத்து வைத்திருக்கின்றனர். ஒருவரை "நன்று, நன்று" என்று உற்சாகப்படுத்தி மற்றொருவரை வாளா நடக்கவிட்டால் இருவர் தொலைவும் ஒப்பிடத் தகாதென்பது கருத்து. இலக்கண ஆசிரியனாகிய எமக்கு இவ்விதி மிகவும் பிடித்திருக்கிறது! உயிர்வளியின் லிட்டரை மாற்றினால் குறைந்தது பத்து நிமிடம் பொறுத்தே நடக்கவிடல் வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. நுரையீரல் தழும்பேறும் நோயுடையார் சிலர் அமர்ந்திருக்கையில் 96 காட்டுவர். ஐம்பது அடி நடந்ததும் 84-க்கு வீழ்வர். அமர்ந்த அளவை மட்டும் பார்த்து நோயில்லை என்று அவர்களை அனுப்பிவிடலாகாது. ஆயின் இந்நடையை மருத்துவமனையிலேயே செய்க. வீட்டுத் தாழ்வாரத்தில் இருதய நோயுள்ள பாட்டனாரை ஓடவிட்டுச் சோதித்தல் தகாது.

இனி லிட்டரைப் பற்றி. வீட்டில் நெடுங்காலம் உயிர்வளி எடுத்துக்கொள்ளுதல் ஆயுளை நீட்டும் என்பது 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு சோதனைகளால் நிலைபெற்றது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனையில் நாளைக்கு 15 மணி நேரம் எடுத்துக்கொண்ட 42 பேரில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர் 19. எடுத்துக்கொள்ளாத 45 பேரில் இறந்தவர் 30. இது பெரிய வேற்றுமை. ஆயின் அவர்கள் எல்லோரும் அமர்ந்திருக்கும்போதே குருதியில் உயிர்வளி மிகக் குறைந்தவர்கள். அத்துணைக் குறையாதவர்க்கும் இது பயன்படுமோ என்று அமெரிக்காவில் 738 பேரிடம் நீண்டகாலம் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். உயிர் நீட்டிக்கவோ மருத்துவமனை செல்வதைக் குறைக்கவோ அது உதவவில்லை. ஆகவே இருமல் உள்ளவர்க்கெல்லாம், மூச்சிரைப்பு உள்ளவர்க்கெல்லாம் பொறி வைத்தல் வீண். அமர்ந்த நிலையில், நோய் தணிந்திருக்கும் காலத்தில், 88-ம் அதற்குக் கீழும் நிலையாக இருப்பவர்க்கே பெரும்பாலும் அது பயன்தரும். சில வாரம் விட்டு மறுமுறையும் அளந்து, குருதிச் சோதனையால் உறுதிசெய்த பின்னரே மருத்துவர் எழுதுவது வழக்கம். இருபத்துநான்கு மணி நேரமும் குழாயோடு கட்டுண்டிருக்க வேண்டுமோ என்று பெரியம்மாவைப்போல் வருந்துவார்க்கு ஓர் ஆறுதல்: சுவீடனில் நடந்து 2024-இல் வெளியான சோதனையில் 24 மணி நேரம் எடுத்தவர்க்கு 15 மணி நேரம் எடுத்தவரினும் மிகுந்த நன்மை ஒன்றும் காணப்படவில்லை.

மிகுதியால் வரும் கேட்டுக்கும் கணக்குண்டு. ஆஸ்திரேலியாவின் தஸ்மானியாத் தீவில் மூச்சுத்திணறலோடு மருத்துவ ஊர்தியிலேறிய 405 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு வழக்கம்போல் மிகுதியாகவும், மற்றவர்க்கு 88 முதல் 92 வரை நிற்கும்படி அளந்தும் உயிர்வளி கொடுத்தனர். 2010-இல் முடிவு வெளியாயிற்று. மிகுதியாகப் பெற்றவரில் நூற்றுக்கு 9 பேர் இறந்தனர். அளந்து பெற்றவரில் 4 பேர். இதற்குக் காரணம் யாதெனின், அடைப்பு நோயுடையார் நுரையீரலிற் கெட்டுப்போன பகுதிகளுக்குக் குருதி செல்லாதபடி உடல் தானே மடை அடைத்து வைத்திருக்கும். உயிர்வளி மிகுந்தால் அம்மடை திறந்துவிடும். பயனற்ற வயலுக்கு நீர் பாய்ந்து, கரியமிலவாயு வெளியேறாது தேங்கும். முன்சொன்ன பேருந்து எடுத்துக்காட்டிற் சொல்வதாயின், விரற்கருவி ஏறினோரை எண்ணுமேயன்றி இறங்காதிருப்போரை எண்ணாது. அன்று காலையில் 98 என்னும் எண் எம்மை ஏமாற்றியது இவ்வாறே. கொரோனாக் காலத்தில் இந்திய அரசின் மருத்துவக் குறிப்பும் பிறர்க்கு 92 முதல் 96 என்றும், அடைப்பு நோயாளர்க்கு 88 முதல் 92 என்றும் வேறாக வகுத்தது. எல்லார்க்கும் ஒரே வரம்பன்று. அவரவர்க்கு மருத்துவர் குறித்ததே வரம்பு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. இதனைக் கேட்டு, மூச்சுக்குத் தவிப்பவருக்கு உயிர்வளி கொடுக்கவே அஞ்சி நிற்றல் முன்னதினும் பெரிய பிழையாகும். உதடு நீலம் பாரித்து, எண் 80-க்கும் கீழ் வீழ்ந்து, பேச இயலாது தவிக்கும் ஒருவரைக் கண்டால் உயிர்வளி கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை வரம்பை எட்டும் அளவுக்குக் கொடுங்கள். யாம் விலக்குவது, ஒருவரும் பாராமல் இரவு முழுதும் குமிழை ஏற்றிவைத்துவிட்டு உறங்கச் செல்வதையே.

நம் சங்கத்துப் பதிவேட்டைச் செயலாளர் எம்மிடம் காட்டினார். பொறி வாங்கிச் சென்றவர் பெயர், நாள், திருப்பிய நாள் என்னும் மூன்று பத்திகளே உள. பந்தலுக்கு நாற்காலி இரவல் கொடுத்தற்கு அது போதும். மருந்துக்குப் போதாது. இனிமேல் மருத்துவர் எழுதிய லிட்டரும் வரம்பும் அப்பதிவேட்டில் ஏறவேண்டும் என்றும், அச்சீட்டின் படியொன்று பொறியின் மேலேயே ஒட்டப்பெறவேண்டும் என்றும் யாம் கேட்டுக்கொண்டோம். பொறியோடு ஒரு சிறு நோட்டும் செல்லும். அதில் நாளுக்கு இருமுறை, ஒரே வேளையில், ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறிய பின், கையைத் தேய்த்து வெதுவெதுப்பாக்கி, சுட்டுவிரலிலோ நடுவிரலிலோ மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலைத்து நின்ற பிறகு எழுதவேண்டும். கருவி காட்டும் நாடியும் கையாற் பிடித்துப் பார்த்த நாடியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாதாயின் அவ்வெண்ணைத் தள்ளுங்கள். எண்ணின் அருகே, அமர்ந்ததா நடந்ததா, குழாயோடா குழாயின்றியா, எத்தனை லிட்டர் என்று மூன்று சொல் எழுதுதல் இன்றியமையாதது. பள்ளிப்பிள்ளை ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இவ்வேலை அவர்களுக்கு ஏற்றது. எம் வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியே பெரியம்மாவின் நோட்டை எழுதுகின்றாள். கையெழுத்து அழகாயில்லை, ஆயினும் மருத்துவர் அதனைக் கண்டு, இரவு லிட்டரை எப்படி வைப்பதென்று ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லந்தோறும் வரும் பெண்களிடமும் அந்நோட்டைக் காட்டலாம்.

முன்னர் நடந்த செயற்குழுவில் ஒரு பெரியவர் எதிர்வாதம் செய்தார். "நள்ளிரவில் ஒருத்தன் மூச்சுக்குத் தவிச்சு ஆளனுப்பினா, சீட்டு எங்கேன்னு கேட்டுக்கிட்டா நிப்பீக?" என்றார். நியாயமான கேள்வியே. அதற்கு யாம் சொன்ன விடை: நள்ளிரவில் தவிப்பவர்க்கு வேண்டுவது நம் பொறியன்று, ஊர்தியும் மருத்துவமனையும். நம் பொறி நிமிடத்துக்கு 5 லிட்டரே தரும். உயிர்போகும் நிலையில் அது போதாது. பொறி வந்துவிட்டதென்னும் தெம்பில் மருத்துவமனை செல்லத் தாமதித்தோர் உண்டு. பெரியவர் முழுதும் உடன்பட்டாரில்லை. ஊர்தி வருமுன் இடைப்பட்ட நேரத்துக்காவது பொறி வேண்டுமென்றார். அதனையும் ஏற்று, அவசரத்தில் சீட்டின்றிக் கொடுக்கலாம், மறுநாள் மாலைக்குள் மருத்துவர் எழுத்து வராவிடில் பொறியைத் திரும்பப் பெறவேண்டும் என்று தீர்மானத்தைத் திருத்தினோம். அவர் திருத்தத்தால் தீர்மானம் செம்மையுற்றது என்பதே எம் எண்ணம்.

சில சில்லறைச் செய்திகளும் உள. குமிழிலுள்ள சிறு பந்தைக் கண்மட்டத்தில் வைத்து, பந்தின் நடுவை நோக்கியே லிட்டரைப் படித்தல் வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் தவறும். மூக்குக்குழாயின் நீளத்தைத் தாமாகக் கூட்டவேண்டா. மின்சாரம் நின்றால் பொறியும் நிற்கும். ஆதலின் அருகில் ஒரு சிலிண்டர் இருத்தல் நன்று. 1500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 5 லிட்டரில் ஐந்து மணி நேரமே வரும். உயிர்வளி செல்லும் அறையில் பீடி, கற்பூரம், குத்துவிளக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை விளக்கை அடுத்த அறையில் ஏற்றுங்கள். நம் காமாட்சியம்மன் அடைத்த கதவுக்கு முன்னின்று வணங்குவாரையும் ஏற்றுக்கொள்பவள், இதற்குச் சினங்கொள்ளாள்.

இவ்வளவும் பேசுதற்கு இசைவு தந்தவர் எம் பெரியம்மாவே. "என்னயச் சொல்லித்தான் நாலு பேரு பிழைக்கணும்னா சொல்லு, அய்யா" என்றார். இப்போது 1 லிட்டரில், 90-இல், திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். அடுக்களையில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் வெந்நீருக்கு விறகைத்தான் தேடுகின்றார், அதில் மட்டும் எம் சொல் செல்லவில்லை.

பதிவேட்டின் புதிய படிவமும் நோட்டுகளும் வாயிலில் மேசைமேல் வைக்கப்பெற்றுள்ளன. பொறி வைத்திருக்கும் வீட்டார் இன்றே பெற்றுச் செல்க. இரண்டாம் பொறியிலிருந்து வரும் வளியின் தூய்மையைச் சோதிக்க வேண்டியிருப்பதால், அடுத்த மாதக் கூட்டம் வரை அது இரவல் கொடுக்கப்படமாட்டாது.